இல்லாத காலில் இருக்கும் வலி

(முன்னாள் மாணவி, பணி நிறைவு பெற்ற வார்டு சிஸ்டர்)



நம் மலரைப் புரட்டினால் ஹாஸ்டல் சாம்பார், முதல் ஊசி போட்ட நடுக்கம், விளக்கேற்றும் விழா என்று இனிய நினைவுகளே நிறைந்திருக்கும். அவையும் வேண்டியதுதான். ஆனாலும் நம் தொழிலுக்கென்று ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. நான் எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. கையையோ காலையோ எடுத்த பிறகு, எடுத்துவிட்ட அந்தக் கையிலேயே, அந்தக் காலிலேயே வலிக்கிறது என்று நோயாளி சொல்வாரே, அந்த வலியின் கதை.

கோடியக்கரைக்கு நம்மில் பலர் சுற்றுலா போயிருப்போம். வெளிமான் கூட்டத்தையும், பனிக்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளையும் பார்த்திருப்போம். அந்தக் காட்டுக்குள்ளே ராமர் பாதம் என்று ஒரு மேடு உண்டு. சுற்றிலும் தட்டையான அந்த மணல் பூமியில் அதுதான் உயரமான இடம். ராமபிரான் அங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஐதீகம். மேலே ஏறினால் கல்லில் இரண்டு பாதங்கள் பதிந்திருக்கும். நின்றவர் போய்விட்டார், தடம் மட்டும் அப்படியே இருக்கிறது. காலை இழந்தவரின் மூளைக்குள்ளும் ஏறக்குறைய இப்படித்தான் என்று இன்றைய விஞ்ஞானம் சொல்கிறது. அந்த இடத்துக்கு வந்து சேர மனிதகுலத்துக்கு 400 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஏன் இவ்வளவு தாமதம் என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். நோயாளி சொன்னதை நம்பிக் கேட்க ஆள் இல்லை. நம்பிக் கேட்ட ஒவ்வொரு முறையும் விஷயம் ஒரு படி முன்னேறியிருக்கிறது.

மூன்றையும் பிரித்தறிய வேண்டும்

முதலில் பாடம். உறுப்பு நீக்கப்பட்டவர்களிடம் மூன்று விதமான உணர்வுகளைப் பார்க்கலாம். கால் இன்னும் இருப்பது போலவே தோன்றுவது ஒன்று. விரல் அரிக்கும், பாதம் குளிரும், ஆனால் வலி இருக்காது. இதை மாய உறுப்பு உணர்வு என்கிறோம். இரண்டாவது, அந்த இல்லாத பாதத்திலேயே எரிச்சல், குத்தல், ஷாக் அடித்தது போன்ற இழுப்பு. இதுதான் மாய உறுப்பு வலி; ஃபாண்டம் பெயின் என்று வார்டில் சொல்வோம். மூன்றாவது, மீதமிருக்கும் ஸ்டம்பிலேயே வரும் வலி. சீழ் பிடித்திருக்கலாம், ரத்தம் கட்டியிருக்கலாம், வெட்டுப்பட்ட நரம்பின் நுனி முடிச்சிட்டிருக்கலாம்.

முதல் வகை அநேகமாக எல்லோருக்கும் வரும். இரண்டாவது பத்தில் ஆறு முதல் எட்டுப் பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தலைகாட்டும். சிலருக்கு நாளடைவில் குறைந்துவிடும்; சிலருக்கு ஆயுள் முழுவதும் விட்டு விட்டு வரும். அறுவைக்கு முன்னால் அந்தக் காலில் கடும் வலியோடு நாள்கணக்கில் படுத்திருந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

பழைய ஏடுகளில்

நம் ஊர்க் கதைகளில் பொற்கைப் பாண்டியனை எல்லோரும் அறிவோம். தவறு செய்த கையைத் தானே வெட்டிக்கொண்டு பொன்னால் கை செய்து பூட்டிக்கொண்ட அரசன். நீதி தவறாத அரசன் என்று அவனைப் புகழ்ந்தவர்கள், அன்று ராத்திரி அந்தக் கை வலித்ததா என்று கேட்டதில்லை. உலகத்துக் கதைகள் பெரும்பாலும் அப்படித்தான்.

கேட்டு எழுதி வைத்தவர்களில் முதன்மையானவர் அம்ப்ரவாஸ் பாரே. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையோடு போர்க்களம் போர்க்களமாக அலைந்த அறுவை மருத்துவர். காலை எடுத்து வெகுநாளான பிறகும் எடுத்த பகுதியில் வலிக்கிறது என்று வீரர்கள் சொல்வதை அவர் தள்ளிவிடாமல் பதிவு செய்தார்.

அடுத்த நூற்றாண்டில் தத்துவ அறிஞர் தெகார்த் ஒரு சிறுமியின் கதையைச் சொல்கிறார். 1644இல் வெளிவந்த அவரது தத்துவ நூலிலும் அது இருக்கிறது. கையில் புண் வந்த ஒரு பெண் குழந்தை. பார்த்தால் பயப்படுவாள் என்று மருத்துவர் வரும்போதெல்லாம் கண்ணைக் கட்டிவிடுவார்கள். புண் அழுகியதால் முழங்கை வரை எடுக்க வேண்டி வந்தது. எடுத்த இடத்தில் துணியைச் சுருட்டிக் கட்டி, கை இருப்பது போலவே வைத்துவிட்டார்கள். கை போனது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. ஆனாலும் அவள், இந்த விரல் வலிக்கிறது, அந்த விரல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். வலி உறுப்பில் இல்லை, மூளையில்தான் உணரப்படுகிறது என்பதற்கு தெகார்த் இதை அத்தாட்சியாகக் காட்டினார். எனக்கோ படிக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி யாரோ என்றுதான் தோன்றும். எந்த விரல் என்று கேட்டு, சொன்னதை யாரோ காதில் வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் கதை தெகார்த்துக்கே கிடைத்தது.

1797இல் வலது கையை இழந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் இந்த உணர்வு இருந்ததாகவும், இல்லாத கையை உணர முடிகிறதென்றால் ஆன்மா உண்டு என்பதற்கு அதுவே சாட்சி என அவர் கருதியதாகவும் சொல்வார்கள்.

பெயர் வைத்தவர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861 - 1865) கை கால் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு ஃபிலடெல்ஃபியா நகரில் வைத்தியம் பார்த்தவர் சைலஸ் வெயர் மிட்செல் என்ற நரம்பு மருத்துவர். 1866இல் ஒரு மாத இதழில், பெயர் போடாமல், அவர் ஒரு சிறுகதை எழுதினார். போரில் இரண்டு கையும் இரண்டு காலும் போன ஒருவர் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த கதை. படித்தவர்கள் நிஜம் என்றே நம்பி, அந்த மனிதருக்குக் கொடுங்கள் என்று பணம் வசூலித்து அனுப்பினார்களாம்! கதையில் வந்த நோயாளிக்கு உருகிய ஊர், தெருவில் நடமாடிய நிஜ நோயாளிகள் சொன்னதை மட்டும் நம்பவில்லை.

மிட்செல் விடவில்லை. தம்மிடம் வந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். ஏறக்குறைய எல்லோருமே, ஆமாம், எங்களுக்கும் உண்டு என்றார்கள். 1871இல் இதற்கு ஃபாண்டம் லிம்ப் என்று பெயர் கொடுத்தார். அதே 1871இல்தான் நம் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது என்பதை நம் மாணவியர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெயர் கிடைத்தது நல்லதுதான். ஆனால் அந்தப் பெயருக்கே ஆவி, பேய் என்றல்லவா பொருள்! அது செய்த கெடுதலும் கொஞ்சம் அல்ல.

வெளியே சொல்லாத வலி

இந்த வலியைப் பற்றி எல்லா நாட்டிலும் கட்டுக்கதைகள் உண்டு. அமெரிக்கக் கிராமங்களில், புதைத்த கை கோணலாகக் கிடப்பதால்தான் வலிக்கிறது என்று நம்பி, தோண்டியெடுத்து விரல்களை நிமிர்த்தி மறுபடி புதைத்தவர்கள் உண்டு. நம் பக்கத்திலும் எடுத்த காலை எங்கே போட்டீர்கள், யார் புதைத்தது என்று சொந்தக்காரர்கள் கேட்பதைப் பழைய வார்டு சிஸ்டர்கள் அறிவார்கள்.

நான் நைட் டூட்டி பார்த்த ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். கோடியக்கரைப் பக்கத்து உப்பளத்தில் பல வருஷம் உப்பு வாரிய ஒரு பெரியவர் அட்மிட் ஆகியிருந்தார். சர்க்கரை வியாதி. உணர்ச்சி மரத்த காலில் வெடிப்பு விழுந்தது தெரியவில்லை. தெரிந்தபோது பாதம் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ரவுண்டு போகிறேன், மனுஷர் பெட்ஷீட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடக்கிறார்.

"என்ன பெரியவரே, தூக்கம் வரலியா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"எங்க வலிக்குது, சொல்லுங்க."

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கட்டைவெரல மடக்கிப் புடிச்சி இழுக்குற மாதிரி இருக்கு சிஸ்டர். நிமித்துனா சரியாப் போயிடும். ஆனா நான் எதை நிமித்துறது?"

காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து வலி இருக்கிறதா என்று கேட்டபோது, இல்லீங்க என்று சொல்லியிருக்கிறார். காரணம் கேட்டேன். வலிக்கிறது என்றால் இன்னும் மேலே வெட்டிவிடுவார்கள் என்று பயம். இல்லாத கால் வலிக்கிறது என்றால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்று அதைவிடப் பயம். வீட்டம்மாள் ஏதோ காத்து கருப்பு என்று நினைத்து வேண்டுதல் வைத்திருந்தார்.

"இது உங்களுக்கு மட்டும் இல்ல பெரியவரே. கால் எடுத்தவங்க பத்துப் பேர்ல ஆறேழு பேருக்கு வரும். மேல வெட்ட மாட்டாங்க. உங்க மூளை அந்தக் கால இன்னும் மறக்கல, அவ்வளவுதான். காலையில டாக்டர்கிட்ட நானே சொல்றேன், இதுக்கு மாத்திரை இருக்கு" என்றேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப எனக்குப் புத்தி பெசகலியே?"

ஸ்டம்பைப் பார்த்தேன். சீழ் இல்லை, சூடு இல்லை, கட்டு இறுக்கமில்லை. கேஸ் ஷீட்டில் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைத்தேன். காலையில் டாக்டர் படித்துவிட்டு அமிட்ரிப்டிலின் ஆரம்பித்தார். வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. ஆனால் அன்று முதல் அவர் அதை மறைக்கவில்லை. மறைக்காத வலிக்குத்தானே மருந்து கொடுக்க முடியும்?

வேலூரில் ஒரு பூனைக் கதை

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். அப்படியல்ல, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே காரணம் என்று அவர் காட்டினார். ஆனாலும் சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். எப்படி என்று புரியவில்லை. ராத்திரி முழுக்க ஆள் வைத்துக் கண்காணித்தார்கள். எலி வந்து விரலைக் கடிக்கிறது. வலி தெரியாததால் நோயாளி விழிக்கவே இல்லை! அதற்கப்புறம் வீடு திரும்பும் நோயாளிக்குத் துணையாக ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்களாம்.

அங்கே விரல் இருக்கிறது, வலி இல்லை. இங்கே வலி இருக்கிறது, விரல் இல்லை. இரண்டிலும் உண்மை தெரிந்தது ராத்திரியில் விழித்திருந்தவருக்குத்தான். பகலில் ஐந்து நிமிஷம் ரவுண்ட்ஸ் வருபவருக்குத் தெரியாதது நைட் டூட்டிக்காரருக்குத் தெரியும் என்பது நம் தொழிலுக்குப் பெருமை, பொறுப்பும்கூட.

ஒரு நர்ஸ் சொன்ன இலக்கணம்

வலி என்றால் என்ன? எத்தனையோ மேதைகள் விளக்கம் சொன்னார்கள். 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர், தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு இருக்கிறது, அது திறந்து மூடும் என்ற கொள்கையை வெளியிட்டார்கள். பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். மூன்று வருஷம் கழித்து, 1968இல், மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்கச் செவிலியர் வலிக்கு ஓர் இலக்கணம் சொன்னார். அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி, அவர் எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது அது இருக்கிறது என்பது அதன் சாரம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வேஷம் போடுகிறான், ஊசிக்காக நடிக்கிறான் என்று நோயாளியைச் சந்தேகித்த காலத்தை இது தலைகீழாகத் திருப்பியது. வலிக்கு எக்ஸ்ரே கிடையாது. நோயாளியின் வாய்தான் சாட்சி.

வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் தன் விளக்கத்தைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பில் சேர்த்தது. மருத்துவ உலகம் அங்கே வந்து சேர, ஒரு நர்ஸ் சொல்லி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

ஸ்டான்லி மாணவரும் ஒரு கண்ணாடியும்

இப்போது நம் கதாநாயகர். வி.எஸ். ராமச்சந்திரன், 1951இல் பிறந்தவர். அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் பேராசிரியரானார்.

1990களின் தொடக்கத்தில் கை இழந்தவர்களை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். சிலர், கன்னத்தையும் தொடுகிறீர்கள், என் இல்லாத கட்டைவிரலையும் தொடுகிறீர்கள் என்றார்கள். மூளையில் கைக்கு உரிய இடமும் முகத்துக்கு உரிய இடமும் அடுத்தடுத்து இருப்பவை. கைக்கான இடம் காலியானதும் பக்கத்து வீட்டுக்காரர் வேலி தாண்டி வந்துவிட்டார் என்று அவர் விளக்கம் சொன்னார்.

அடுத்து வந்ததுதான் பெரிய விஷயம். பலருக்கு இல்லாத கை இறுக மூடிய முஷ்டியாக, நகம் உள்ளங்கையில் பதியும்படி இருக்கும், திறக்க முடியாது. ராமச்சந்திரன் ஒரு அட்டைப் பெட்டியில் நடுவே கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினார். நல்ல கையை ஒரு பக்கம் விட்டு, கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். போன கை திரும்பி வந்தது போல் தெரியும். நல்ல கையைத் திறந்து மூடினால், இல்லாத கையும் திறந்து மூடுகிறது! சிலருக்கு அந்த நிமிஷமே இறுக்கம் விட்டது. 1995, 1996ஆம் ஆண்டுகளில் இந்த ஆய்வுகள் வெளியாயின. செலவு? ஒரு கண்ணாடி, ஒரு பெட்டி.

2007இல் அமெரிக்காவின் வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தினம் 15 நிமிஷம், நாலு வாரம். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடி முன் பயிற்சி செய்த ஆறு பேரில் ஒருவருக்கும், மனத்துக்குள்ளே கற்பனை செய்த ஆறு பேரில் இருவருக்கும் மட்டுமே குறைந்தது. சிறிய ஆய்வுதான். பிறகு வந்த ஆய்வுகளில் பலன் இருந்ததும் உண்டு, இல்லாததும் உண்டு. எல்லோருக்கும் கேட்காது என்பதை மாணவியர் மறக்கக் கூடாது.

ராமச்சந்திரன் சொன்ன விளக்கத்துக்கும் மறுப்பு வந்துவிட்டது. கை நீக்கப்படுவதற்கு முன்பும், நீக்கிப் பல மாதம், வருஷம் கழித்தும் மூன்று பேரின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியாயிற்று. கைக்கான இடத்தை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. கையின் வரைபடம் பழையபடியே இருக்கிறது என்றது அது. கோடியக்கரையில் பார்த்தோமே, நின்றவர் போன பிறகும் கல்லில் நிற்கும் தடம், அதே கதை. கொள்கை மாறலாம், ஆனால் நோயாளி 400 வருஷமாகச் சொன்னது என்ன? என் கால் எனக்குள்ளே இருக்கிறது என்பதுதான். அவர் சொன்னது சரியாகிவிட்டது.

அக்கரையும் இக்கரையும்

கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை கடல் வழியே சுமார் 55 கிலோமீட்டர். தஞ்சாவூரைவிட அது கிட்டத்தில் இருக்கிறது. 1983 முதல் 2009 வரை அக்கரையில் நடந்த போரில் மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்கள் ஏராளம். படையில் இருந்தவர்கள் மட்டுமல்ல. வயலுக்குப் போன விவசாயி, விறகு பொறுக்கப் போன பெண், பள்ளிக்கூடப் பிள்ளை என்று எல்லோரும் இருந்தார்கள்.

அவர்களுக்குக் கைகொடுத்தது நம் நாட்டுக் கண்டுபிடிப்பு. 1968இல் ராஜஸ்தானில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் கால். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்கு ஷூ வேண்டும். சேற்றில் இறங்க முடியாது, சம்மணம் போட முடியாது. ஜெய்ப்பூர் காலோடு வெறுங்காலாக நடக்கலாம், குந்தி உட்காரலாம், வயலில் இறங்கலாம். 1980களின் பிற்பகுதியிலேயே யாழ்ப்பாணத்தில் இதைச் செய்து பொருத்தும் நிலையம் வந்துவிட்டது. நாற்று நடவும் களையெடுப்புமாக வாழும் நம் டெல்டாவுக்கும் ஏற்ற கால் இதுதான். செயற்கைக் காலைப் பழகி நடக்க நடக்கப் பலருக்கு மாய வலியும் குறைகிறது என்பது அனுபவம். மூளை தேடிக்கொண்டிருந்த காலுக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது போலும்.

நம் பக்கத்தில் மிதிவெடி இல்லை. ஆனால் சர்க்கரை இருக்கிறது, பைக் விபத்து இருக்கிறது, கதிர் அடிக்கும் இயந்திரம் இருக்கிறது. கோடியக்கரையில் ஒருவருக்குக் கால் கறுத்தால் வேதாரண்யம் போய், அங்கிருந்து நாகப்பட்டினமோ, திருவாரூரோ, தஞ்சாவூரோ போக வேண்டும். கால் எடுத்து, தையல் பிரித்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு அந்த வலியோடு அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். கடற்கரையில் துணையில்லாமல் தனியே இருக்கிறாயே என்று கோடிக்குழகரைப் பார்த்துச் சுந்தரர் உருகிய தலம் அது. அந்தத் தனிமையை நோயாளிக்கு வைக்காமல் அனுப்புவது நம் வேலை.

நம் கையில் இருப்பது

டாக்டர் செய்ய வேண்டியதை டாக்டர் செய்வார். செவிலியர் செய்ய வேண்டியவற்றை மாணவியருக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

1. அறுவைக்கு முன்பே சொல்லி வையுங்கள். கால் இருப்பது போலவே தோன்றும், வலிக்கவும் கூடும், அது பைத்தியம் அல்ல என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அறுவைக்கு முந்தைய வலியையும் அடக்கி வைக்கப் பாருங்கள்.

2. வலிக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். எடுத்த கால் இருக்கிற மாதிரி தோணுதா, எந்த விரல், எரியுதா இழுக்குதா, பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

3. ஸ்டம்பைப் பார்க்காமல் மாய வலி என்று முடிவு கட்டாதீர்கள். சிவப்பு, வீக்கம், சூடு, நாற்றம், இறுகிய கட்டு இவற்றைப் பார்த்த பிறகே அந்தப் பேச்சு. கண்ணெதிரே இருக்கும் சீழைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

4. முதல் ராத்திரிகளில் கீழே விழாமல் காப்பாற்றுங்கள். கால் இருக்கிறது என்ற நினைப்பில், தூக்கக் கலக்கத்தில் பாத்ரூம் போக எழுந்து, இல்லாத காலை ஊன்றி விழுந்தவர்கள் பலர். கட்டில் கம்பியை ஏற்றி வையுங்கள். சிறு விளக்கு எரியட்டும். யூரின் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

5. ஸ்டம்புக்குக் கீழே நாள்கணக்கில் தலையணை வைக்காதீர்கள். மூட்டு மடங்கி இறுகிவிடும். டாக்டர் அனுமதித்ததும் தினம் சில முறை குப்புறப் படுக்க வையுங்கள். க்ரேப் பேண்டேஜை எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்றுங்கள்.

6. புண் ஆறிய பிறகு ஸ்டம்பை மெல்லத் தட்டுவது, தேய்த்துவிடுவது, முதலில் மெல்லிய துணி, பிறகு சொரசொரப்பான துணி என்று பழக்குவது நல்லது. இதை வீட்டாருக்கும் கற்றுக்கொடுங்கள்.

7. கண்ணாடிப் பயிற்சிக்கு முழுநீளக் கண்ணாடி ஒன்று போதும். இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்தி, ஸ்டம்ப் பின்னால் மறையும்படி வையுங்கள். கொலுசு, மெட்டி இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். பிம்பம் போன காலைப் போலவே இருக்க வேண்டும். நல்ல காலை மெதுவாக அசைக்கட்டும். தலைசுற்றினாலோ, பார்த்ததும் மனம் உடைந்து அழுதாலோ நிறுத்திவிடுங்கள். வற்புறுத்தக் கூடாது. இரண்டு காலும் போனவருக்கு இது பயன்படாது.

8. அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் போன்ற மாத்திரை எழுதியிருந்தால் வாய் உலரும், தூக்கம் வரும், தலை சுற்றும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாலாம் நாள் அவரே நிறுத்திவிடுவார்.

9. டிஸ்சார்ஜ் அன்று செயற்கைக் கால் எங்கே கிடைக்கும், வலி திரும்பினால் யாரிடம் வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவற்றில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அரசு மருத்துவமனையிலும் செய்யலாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம், வீட்டுத் திண்ணையிலும் செய்யலாம்.

தங்கைகளே, தம்பிகளே, நீங்கள் படிக்கும் காலத்தில் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். புதுப்புது மாத்திரைகள் வரும். இன்று நான் எழுதிய விளக்கமும் நாளை மாறலாம். மாறாத ஒன்று உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் ஒண்ணுமில்ல சிஸ்டர் என்று சொல்வார். அந்தப் பதிலோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த விரல் என்று கேளுங்கள்.